காதாயியின் செண்டுப்பூப் பாத்தி

மலையுச்சியில் ஒரு குளம். குளக்கரையில் ஒரு முயல். அதன் பெயர் காதாயி. காது அவ்வளவு நீளம்! யார் எங்கே முணுமுணுத்தாலும் அதன் காதில் விழும். விழுந்ததை எல்லாம் அப்படியே நம்பிவிடும். அந்த ஒரு கோளாறைத் தவிர காதாயியிடம் குறை சொல்ல எதுவுமில்லை.

தன் வளைக்கு முன்னால் காதாயி ஒரு பூப்பாத்தி வைத்திருந்தது. பாத்தி நிறையச் செண்டுப்பூ. போன ஐப்பசி மழையில் மேட்டு மண் சரிந்து பாத்திச் செடிகளை வாரிக்கொண்டு போய்விட்டது. கரையில் இருந்த மற்றப் பூச்செடிகளும் அதோடு போயின. மிஞ்சியது, காதாயி வளைக்குள் காயப்போட்டிருந்த இரண்டே இரண்டு பூக்கள்தான். உதிர்த்துப் பார்த்தால் இரண்டு பிடி விதை.

தை பிறந்ததும் பாறைத் தேனீக்களின் ராணி தூது அனுப்பினாள். தூது வந்த தேனீயின் பெயர் மினுக்கி.

"காதாயி அக்கா! கூட்டுல தேன் கொஞ்சம்தான் இருக்கு. மாசிப் பௌர்ணமிக்குள்ள உங்க பாத்தியில முளை தெரியணும். தெரிஞ்சா உங்களை நம்பி இருப்போம். இல்லேன்னா கீழ்க்காட்டுக்குக் கிளம்பிடுவோம்!"

"கட்டாயம் முளைக்கும்!" என்று காதாயி வாக்குக் கொடுத்தது. தேனீக்கள் போய்விட்டால் கரையில் ஒரு புதர்கூடக் காய்க்காது. காய் இல்லாவிட்டால் பறவைகள் போகும், மான்கள் போகும். கடைசியில் பிறந்த வளையை விட்டுவிட்டுக் காதாயியும் போக வேண்டியதுதான்.

தை முடியும் சமயத்தில் வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தது. கொண்டையன் என்ற கொண்டைக்குருவி மர உச்சியில் ஏறிக்கொண்டு கத்தியது.

"வசந்தம் வந்தாச்சு! எல்லாரும் விதைங்க! வசந்தம் வந்தாச்சு!"

பக்கத்துப் புதரில் இருந்த கேளையாட்டம்மா என்ற சின்ன மான் கழுத்தை நீட்டினாள். "ஏண்டி காதாயி, இன்னுமா உக்காந்திருக்கே? நான் கீரை விதைச்சு முடிச்சுட்டேன். தேனீயெல்லாம் மூட்டை கட்டின பிறகா நீ விதைக்கப் போறே?"

இரண்டு காதிலும் இரண்டு பேச்சு. காதாயி பொறுக்குமா? ஒரு பிடி விதையை எடுத்து அன்றைக்கே தூவிவிட்டது. இன்னொரு பிடியையும் தூவப் போனது. அதற்குள் ஒரு தும்மல் வந்து, அந்த எண்ணம் மறந்து போயிற்று. சில சமயம் தும்மலும் நல்லதுதான்.

ஆறாம் நாள் முளை வந்தது. கடுகளவு பச்சை. காதாயி மூக்கை அருகில் வைத்து மூச்சு விடாமல் பார்த்தது. "அடேயப்பா! உள்ளே கிடந்த குச்சி மாதிரி விதையா இப்படி எழுந்து நிக்குது!" என்று மெய்சிலிர்த்தது.

ஏழாம் நாள் விடிந்தபோது குளக்கரை வெள்ளையாக இருந்தது.

உறைபனி! புல் நுனி ஒவ்வொன்றிலும் உப்பு பூத்த மாதிரிப் பனி. சிலந்தி வலைகள் கண்ணாடி இழையாகத் தொங்கின. சூரியன் பட்டதும் கரை முழுவதும் கண் கூசும்படி மின்னியது. காதாயி அப்படி ஓர் அழகைப் பார்த்ததே இல்லை. பயமாகவும் இருந்தது. ஒரு சத்தம் போடாமல், ஒரு அடி எடுத்து வைக்காமல், இவ்வளவு பெரிய மலையை இது எப்படிப் பிடித்துக்கொண்டது என்று பார்த்தபடியே நின்றது.

அப்புறம்தான் பாத்தி ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், முளைகள் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துச் சாய்ந்து கிடந்தன. கேளையாட்டம்மாவின் கீரையும் போயிற்று.

காதாயி அழுதுகொண்டே மரத்தடிக்கு ஓடியது. "கொண்டையா! வசந்தம் வந்தாச்சுன்னு நீதானே சொன்னே?"

"வெயில் வந்துச்சு, சொன்னேன். பனி போயிடுச்சுன்னு நான் எப்போ சொன்னேன்?" என்று கொண்டையன் இறக்கையைக் கோதிக்கொண்டது.

இருப்பது இனி ஒரு பிடி விதை. பௌர்ணமிக்கு ஐந்து நாள். மறுபடியும் நல்ல வெயில். மறுபடியும் கொண்டையன் உச்சிக்கிளையில் பாட ஆரம்பித்தது. "மீதியையும் போடுடி! இப்ப விட்டா எப்ப?" என்று கேளையாட்டம்மா விரட்டினாள்.

காதாயி விதையை வாயில் கவ்விக்கொண்டு பாத்திக்குப் போய், அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தது. காது இரண்டும் வெயிலில் இதமாகச் சுட்டன. ஆனால் ஏனோ உட்காரவே பிடிக்கவில்லை. குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டது. நான்கு கால்களையும் விரல்நுனியில் ஊன்றி, வயிற்றை எக்கிக்கொண்டு, தரையில் படாமல் அந்தரத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது!

"நான் எப்பவுமா இப்படி உட்காருவேன்?" என்று யோசித்தது. கோடையில் இதே பாத்தியில் கந்தல் துணி மாதிரி விரிந்து படுத்துத் தூங்கும். கடைசியாக அப்படிப் படுத்தது புரட்டாசியில்.

காதாயி மெதுவாக வயிற்றை மண்ணில் வைத்து அழுத்தியது.

"ஆத்தாடி!"

குளிர் வயிற்றில் ஏறி முதுகு வரைக்கும் போயிற்று. மேலே வசந்தம். கீழே இன்னும் மார்கழி! இத்தனை நாள் ஊர்ப்பேச்சை எல்லாம் காது கேட்டது. மண் சொன்னதை வயிறு மட்டும் கேட்டு, அதுபாட்டுக்குத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. காதாயி வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு காதுகளையும் மடக்கி முதுகில் ஒட்டிக்கொண்டது. விதையைத் திரும்ப வளைக்கே கொண்டுபோனது.

பௌர்ணமி அன்று காலை மினுக்கி வந்தது. பாத்தி வெறுமையாகக் கிடந்தது.

"என்னக்கா இது? வாக்குக் கொடுத்துட்டு ஏமாத்திட்டீங்களே! ராணி கிளம்பத் தயாரா இருக்காங்க!"

"கோவிச்சுக்காதே மினுக்கி. ஒரு தடவை இந்தப் பாத்தியில இறங்கி நட. அப்புறம் போ."

"நடந்தா என்ன? வெயில்தான் இப்படிக் காயுதே!" என்று மினுக்கி இறங்கியது. நாலு எட்டு வைத்தது. ஐந்தாம் எட்டில் கால் மரத்துப்போயிற்று. பறக்கப் பார்த்தது, இறக்கை அசையவில்லை. "அக்கா! அக்கா!" என்று அலறியது.

காதாயி காதைத் தாழ்த்தி அதை ஏற்றிக்கொண்டு, காதின் ரோமத்துக்குள் பொத்தி வைத்தது. நெடுநேரம் கழித்து மினுக்கிக்கு உயிர் வந்தது.

"இந்த மண்ணுக்குள்ளயா விதையைப் போடச் சொன்னேன்? பாவி நான்! எப்பத்தான் போடுவீங்க?"

"இந்தப் பாத்தியில நான் படுத்துத் தூங்குற அன்னைக்கு!"

மினுக்கி போய் ராணியிடம் நடந்ததைச் சொன்னது. ராணி கூட்டில் மிச்சமிருந்த தேனை அளந்து பார்த்தாள். பிறகு, "ஆளுக்கு ஒரு சொட்டைப் பாதிச் சொட்டாக்குங்க. இருப்போம்" என்றாள்.

அதற்குப் பிறகு காதாயி தினமும் உச்சிவேளையில் பாத்தியில் வயிற்றை வைத்துப் பார்த்தது. தினமும் எழுந்து வந்தது. கொண்டையன் கேலி செய்தது. கேளையாட்டம்மா "முயலுக்கு வயித்துவலி" என்று ஊரெல்லாம் சொன்னாள்.  பாறைக்கூட்டின் ரீங்காரம் நாளுக்கு நாள் மெலிவது காதாயிக்கு நன்றாகக் கேட்டது. ஆனாலும் விதையைத் தொடவில்லை. மாசி முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை உறைபனி விழுந்தது.

பங்குனி முதல் வாரத்தில் ஒருநாள் காதாயி வழக்கம்போல் வயிற்றை வைத்தது. அப்புறம் என்ன நடந்ததென்று அதற்கே தெரியாது. கண்ணை விழித்தபோது சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது. விரிந்து படுத்துத் தூங்கியிருக்கிறது!

அது உடனே எழுந்துவிடவில்லை. வயிற்றுக்கடியில் மண் வெதுவெதுவென்று இருந்தது. அம்மாவின் மடியில் கிடப்பதுபோல் இருந்தது. இத்தனை பெரிய மலை, யாரும் கூவாமல், யாருக்கும் சொல்லாமல், அடியிலிருந்து மெல்ல மெல்லச் சூடேறி வந்திருக்கிறது! நினைக்க நினைக்கக் காதாயிக்குக் கண் கலங்கியது. "வந்துட்டியா!" என்று மண்ணிடமே கேட்டது. அன்று மாலைக்குள் கடைசிப் பிடி விதையும் பாத்திக்குள் போய்விட்டது.

ஐந்தாம் நாள் முளை. அதற்குப் பிறகு பனி வரவில்லை. சித்திரை முடிவதற்குள் பாத்தி முழுக்கச் செண்டுப்பூ! மலை இருட்டிலிருந்து மஞ்சளை அள்ளி வெளியே போட்டதுபோல் இருந்தது. தேனீக்கள் கடைசிச் சொட்டைக் குடித்துவிட்டுப் பாறையிலிருந்து மொத்தமாக இறங்கி வந்தன. குளக்கரையே அதிர்ந்தது. கேளையாட்டம்மாவும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். ஒரு வார்த்தை வரவில்லை.

கொண்டையனுக்கு மட்டும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. "வசந்தம் வந்தாச்சுன்னு நான் அப்பவே சொன்னேனே!" என்று உச்சிக்கிளையில் கத்தியது.

காதாயிக்கு அது கேட்கவில்லை. காதை மடக்கிக்கொண்டு, பூக்களுக்கு அடியில் வயிறு மண்ணில் பட நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே, ஊர் கூவும் நாளில் அவசரப்பட்டு விதைக்காமல், தன் மண்ணைத் தானே தொட்டறிந்து அது ஏற்கும் நாள்வரை பொறுத்திருப்பவரின் பாத்தியில்தான் பூ மலரும்.