பிடிக்காத இன்ஜின்

ஆத்தூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்த தணிகாசலம், ஒரு கேள்வியோடு ஏற்காட்டுக்கு வந்தார். அங்கே காப்பித் தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றில் தவமணி அம்மா என்ற துறவி சீடர்கள் சிலரோடு இருந்தார். தணிகாசலத்தைவிட வயதில் இளையவர்தான். ஆனால் பல வருஷமாக அவருக்குக் குரு இவர்தான்.

"அம்மா, வீட்ல குமுதவல்லிக்குப் பக்கவாதம் வந்து கை கால் விழுந்துபோச்சு. பெரிய டாக்டரா வச்சுப் பார்க்கிறேன். பகலுக்கு ஒரு நர்ஸ், ராத்திரிக்கு ஒரு நர்ஸ். தண்ணிப் படுக்கை வாங்கிப் போட்டேன். பேச்சு வந்திருக்கணுமே, நாக்குல ஒரு குறையும் இல்லையேங்கிறார் டாக்டர். ஆனா அவ வாயே திறக்கல. கஞ்சியைக்கூடத் தள்ளிவிடறா. நான் எதை விட்டுட்டேன்?"

தவமணி அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தியான மண்டபத்துக்குப் போகிற வழியெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் புல்.

"கொட்டகையில ஒரு புல்வெட்டுற வண்டி கிடக்குது. சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும். பங்களாக்காரர் விட்டுட்டுப் போனது. அதைக் கொஞ்சம் ஓட வைங்களேன்."

"நான் கேட்டது..."

"நேத்து அந்தப் புல்லுக்குள்ள விரியன் போச்சு. எல்லாரும் பயந்துகிட்டே நடக்கிறாங்க."

தணிகாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்டாட்டி படுக்கையில் கிடக்கிறாள் என்கிறேன், இவர் புல்லைச் சொல்கிறாரே என்று குழம்பியபடி கொட்டகைக்குப் போனார்.

வண்டியின் மேல் கோழி எச்சம். ஏர் ஃபில்டருக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. டேங்கில் இருந்த பெட்ரோல் பிசினாகியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினார். கார்புரேட்டரை ஊதிச் சுத்தம் செய்தார். கீழே கடைத்தெருவுக்குப் போய்ப் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றி, புது பேட்டரியும் பிளக்கும் மாட்டினார். பக்கத்தில் நின்றபடி சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி வரவில்லை. பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற காயிலையும் மாற்றினார். அப்போதும் வரவில்லை. எத்தனையோ இன்ஜின்களை உயிர்ப்பித்த கை அது. எங்கே தப்பு என்று தெரியாமல் நெற்றியில் கிரீஸை அப்பிக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை தவமணி அம்மா நொண்டிக்கொண்டே வந்தார்.

"கால்ல முள்ளு," என்று சொல்லிவிட்டு, உட்கார வேறு இடம் இல்லாததால் வண்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

தணிகாசலத்துக்கு ஆற்றாமை பொங்கியது. "எல்லாம் புதுசும்மா. ஒரு குறையும் வைக்கல. நீங்களே பாருங்க!" என்று சாவியைத் திருகினார்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொட்டகையே அதிர்ந்தது.

அம்மா திடுக்கிட்டுக் கீழே குதித்தார். இன்ஜின் பொட்டென்று நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றார் தணிகாசலம்.

"முள்ளெடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"உட்கார்ந்தேன்."

தணிகாசலம் மறுபடி சாவியைத் திருப்பினார். பிடிக்கவில்லை. கையால் இருக்கையைப் பலமாக அழுத்திக்கொண்டு திருப்பினார். பிடித்தது. குனிந்து இருக்கைக்கு அடியில் தடவினார். ஒரு சின்ன சுவிட்ச் விரலில் பட்டது.

"அட! மேல ஆள் உட்கார்ந்தாதான் பிளக்குக்கு கரண்ட் போகுது. ஓட்டுறவன் தவறி விழுந்தா பிளேடு நின்னுடணுமில்ல, அதுக்காக வச்சிருக்கான். பம்ப்செட்ல யாரு ஏறி உட்காருறா? எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது," என்றார் அம்மா. பாதத்தில் பாதி முள் இன்னும் இருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் மண்டபம்வரை புல் வெட்டியாகிவிட்டது. சீடர்கள் வெறுங்காலோடு நடந்து பார்த்தார்கள். தணிகாசலத்துக்குச் சந்தோஷம்தான். ஆனால் கொண்டுவந்த கேள்வி அப்படியே இருந்தது. கைகளைக் கழுவிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"குமுதவல்லி படுத்திருக்கிற ரூம்ல, கட்டில் பக்கத்துல நாற்காலி கிடக்குதா?"

தணிகாசலம் மனசுக்குள் அந்த அறையை ஒரு சுற்று சுற்றி வந்தார். மருந்து மேசை இருந்தது. சக்கர நாற்காலி மடித்துச் சுவரில் சாய்த்திருந்தது. தினமும் காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது, நின்றபடியே அவர் நர்ஸிடம் விசாரித்துவிட்டுப் போகிற வாசற்படி இருந்தது.

கட்டில் பக்கத்தில் உட்கார ஒரு நாற்காலி இல்லை.