தூங்கினவன் சாட்சி

"ஆம்பளைக்கு எத்தனை விலா எலும்பு? ஒரே வார்த்தையில சொல்லிருங்கம்மா. நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருதேன்."

வந்ததும் வராததுமாகக் கேட்டார் ஏசுவடியான் உபதேசியார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கிருபாவதி அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மழையில் கரைந்துபோன சமையல்கட்டுச் சுவருக்கு மண் பிசைந்துகொண்டிருந்தார். குளத்து மண், நறுக்கின வைக்கோல், முழங்கை வரைக்கும் சேறு.

செம்மணல் தேரிக்காட்டில் நாலு பனைக்கு நடுவே இருந்தது அந்த அம்மாளின் ஜெபவீடு. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. வேதத்தை மூல பாஷையிலேயே படித்தவர். அவ்வளவு படித்தும் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. ஆனாலும் சுற்று வட்டாரத்தில் யாருக்கு மண்டை குழம்பினாலும் அங்கேதான் ஓடுவார்கள்.

உபதேசியாருக்கு ஐம்பத்தெட்டு. தன்னைவிடச் சின்னவரிடம் போய் நிற்பதா என்று மூன்று வாரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"எண்ணிப் பார்த்தீங்களா, அண்ணாச்சி?" என்றார் அம்மாள்.

"எதை?"

"எலும்பைத்தான்."

உபதேசியார் திருதிருவென்று விழித்தார்.

நடந்தது இதுதான். உபதேசியார் முப்பது வருஷமாக ஒரு பிரசங்கம் வைத்திருந்தார். ஆதாமின் விலாவிலிருந்து ஒரு எலும்பை எடுத்துத்தான் ஆண்டவர் ஏவாளைச் செய்தார், அதனால்தான் இன்றைக்கும் ஆணுக்கு ஒரு எலும்பு குறைவு என்பார். கல்யாண வீடு என்றால் அந்தப் பிரசங்கம் இல்லாமல் இருக்காது. மாப்பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். பெண்கள் தலையைக் குனிவார்கள். நல்ல எடுப்பான குரல் வேறு, மைக்கே வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதையே எடுத்து விட்டார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு ஆள் எழுந்தது. யாரென்று பார்த்தால் அவருடைய சம்சாரம், ரஞ்சிதம்.

ரஞ்சிதம் இருபத்தெட்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். போன வருஷம்தான் ஓய்வு பெற்றார்.

"ரெண்டு பேருக்கும் பன்னிரண்டு ஜோடிதாங்க. தினம் பார்த்திருக்கேன்" என்றார் ரஞ்சிதம், மெதுவாகத்தான். "அதோட, ஆதியாகமம் முதல் அதிகாரத்துல ஆணையும் பெண்ணையும் ஒண்ணாத்தானே படைச்சாருன்னு வருது?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

உபதேசியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உக்காரு! நீ என் எலும்புல ஒரு துண்டு. துண்டு எனக்குப் பாடம் சொல்லவேண்டாம்" என்றார். அந்தக் குரலுக்குத்தான் மைக் வேண்டாமே. ரோட்டில் போனவனுக்கும் கேட்டது.

ரஞ்சிதம் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. காபி வந்தது, சோறு வந்தது, ஜிப்பா தேய்த்து மடித்து வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. பாவம், மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டால்கூட மனுஷனுக்கு ஆறுதலாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் ஒரு குடித்தனத்தில் ஓயாமல் கேட்ட குரல் ரஞ்சிதத்தினுடையது. இப்போது அது இல்லாமல் அவருக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

இதையெல்லாம் அம்மாளிடம் அவர் அப்படியே சொன்னாரா? ஊஹும். கௌரவம் விடுமா! வேதத்தில் ஒரு சந்தேகம் என்றுதான் வந்திருந்தார்.

"நீங்க சொன்னா வீட்டுல அவ கேப்பா. நான் சொன்னதுதான் சரின்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, போதும்."

"முதல்ல எண்ணுங்க."

"இங்கேயா?"

"இங்க மண்ணும் நானும்தான் இருக்கோம். நான் திரும்பிக்கிடுதேன்."

அம்மாள் திரும்பிக்கொண்டார். உபதேசியார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஜிப்பாவுக்குள் கையை விட்டார். தொப்பை உள்ள மனுஷன். எலும்பு லேசில் கிடைக்குமா? அழுத்தித் தேடினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், அஞ்சாவதில் கூச்சம் தாங்கவில்லை. ஐயோ என்று நெளிந்து சிரித்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்பதோடு நின்றது. வலது பக்கமும் ஒன்பது. அதற்கு மேல் சதைதான்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றார், சுரத்தில்லாமல்.

"முப்பது வருஷத்துல ஒருநாள் குளிக்கும்போதாவது எண்ணியிருக்கலாம்லா, அண்ணாச்சி?"

"தோணலம்மா."

"உங்க அப்பாவுக்கு ஆலையில ஒரு விரல் போச்சுன்னு சொல்லுவாங்களே."

"ஆமா, மோதிர விரல்."

"உங்களுக்கு?"

உபதேசியார் கையை விரித்துப் பார்த்தார். அஞ்சும் இருந்தது. சட்டென்று கையை மடக்கிக்கொண்டார்.

ஆனாலும் அசருகிற ஆளா அவர்? குரலைச் சரி பண்ணிக்கொண்டார்.

"எலும்புக் கணக்கை விடுங்கம்மா. அதுல நான் தப்பாவே இருந்துட்டுப் போறேன். முதல்ல மனுஷன், பிறகுதான் அவன் விலாவிலிருந்து பொம்பளை. அது வேதம். அதையும் ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க. பக்கத்து ஊர் போதகர் உலகத்தைப் படைச்சது ஆறே நாள்னு மேஜையைக் குத்துதாரு. என் மகளைக் கட்டினவன் காலேஜ் வாத்தியார், ஆறு நாள்னா ஆறு யுகம்ங்கான், குரங்குங்கான். இதுல இவ முதல் அதிகாரத்தைத் தூக்கிட்டு வாரா. நான் யாரைன்னு சமாளிப்பேன்?"

"முதல் அதிகாரத்துல எது முன்னால? மிருகமா, மனுஷனா?"

"மிருகம். அப்புறம் மனுஷன். ஆணும் பெண்ணுமா."

"ரெண்டாம் அதிகாரத்துல?"

"மனுஷன். அப்புறம் மிருகம். அப்புறம்..." உபதேசியார் கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம் பெண். அதுக்கும் பதில் இருக்கும்மா. முதலாவது சுருக்கம், ரெண்டாவது விரிவு. பெரியவங்க அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"விரிவுல வரிசை மாறுமோ?"

"அது வந்து..."

அம்மாள் விடாமல் மண்ணைப் புரட்டினார்.

"விலான்னா என்ன, அண்ணாச்சி?"

"எலும்பு."

"விலாவுல குத்துதுன்னு அண்ணி சொன்னா எங்க தைலம் தேய்ப்பீங்க?"

"இந்தப் பக்கத்துல."

"அப்போ பக்கம்."

உபதேசியார் தன் விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மூல பாஷையிலயும் அப்படித்தான். ஒரே வார்த்தை. எலும்புன்னும் படிக்கலாம், ஒரு பக்கம்னும் படிக்கலாம்."

"அப்போ ஒரு எலும்பை எடுத்தாரா, இல்ல மனுஷனையே ரெண்டு பக்கமாப் பிரிச்சாரா?"

"ரெண்டு விதமாவும் படிச்சவங்க இருக்காங்க. ரெண்டாயிரம் வருஷமா."

"நீங்க எப்படிப் படிக்கீங்க?"

அம்மாள் மண் பக்கம் குனிந்தார். பிசைந்த மண்ணில் ஒரு உருண்டையை எடுத்தார். அதற்குத் தலை, கை, கால் என்று கிள்ளி இழுத்துவிட்டார். உபதேசியாரின் வெள்ளை ஜிப்பாவுக்கு நேராக நீட்டினார்.

"பிடிங்க."

உபதேசியார் பயந்து பயந்து வாங்கினார். சேறு முழங்கை வரை வழிந்தது.

"ஊதுங்க."

"என்னம்மா இது!"

"ஆண்டவர் மண்ணுல மனுஷனை எப்படிச் செஞ்சு ஊதினாருன்னு தெரிஞ்சவர் நீங்க. ஊதுங்க, எழும்புதான்னு பார்ப்போம்."

உபதேசியாருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் பாதி, வெட்கம் பாதி. மண் மனுஷனை அம்மாளிடமே திருப்பிக் கொடுத்தார். அம்மாள் அதைச் சுவரில் அப்பித் தேய்த்துவிட்டார்.

சுவரோடு சுவராகிப்போன அந்த மண் மனுஷனையே உபதேசியார் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா," என்றார் உபதேசியார். குரல் இறங்கியிருந்தது. "உள்ளதைச் சொல்லிருதேன். அவ எங்கிட்டப் பேசி இருபத்தஞ்சு நாளாச்சு. வீட்டுல இருக்க முடியல. எது சரின்னு முடிவாயிட்டா பேசிருவாளேன்னுதான் வந்தேன். சத்தியமா எனக்கு எலும்பு வேண்டாம்மா, அவ பேசணும்."

அம்மாள் இப்போதுதான் கையை உதறிவிட்டு அவரை நேராகப் பார்த்தார்.

"ஏவாளைப் படைச்சப்போ அங்க யாரெல்லாம் இருந்தா?"

"ஆண்டவர் இருந்தாரு."

"வேற?"

"ஆதாம் இருந்தான்."

"என்ன பண்ணிட்டிருந்தான்?"

"அயர்ந்து தூங்கிட்டு..."

உபதேசியார் அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டார்.

முப்பது வருஷமாக எத்தனை மேடையில் சொல்லியிருப்பார் அதை! ஆதாமுக்கு அயர்ந்த நித்திரை வந்ததென்று சொல்லும்போது கண்ணை மூடிக் குறட்டை விட்டே காட்டுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். எடுத்தது எலும்பா, பக்கமா என்று அந்த ஆதாமுக்கே தெரியாது என்பது இன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"தூங்கினவன் சாட்சி கோர்ட்டுல நிக்குமா, அண்ணாச்சி?"

"நிக்காதும்மா."

"முழிச்சதும் என்ன பண்ணினான்? எலும்பை எண்ணினானா?"

"இல்ல."

"நான் முந்தி, நீ பிந்தின்னு சொன்னானா?"

"இல்லம்மா. அவளைப் பார்த்தான். பார்த்ததும், இவ என் எலும்பு, என் சதைன்னு..." உபதேசியார் தன் கையிலிருந்த சேற்றைப் பார்த்தார். "சந்தோஷத்துல சொன்னான்."

"அதுக்கு முந்தி அவன் ஏதாவது பேசினதா வருதா?"

உபதேசியார் யோசித்தார். இரண்டு அதிகாரமும் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு வரியாகத் தேடினார். எல்லா மிருகத்துக்கும் பேர் வைத்தான் என்று வருகிறது. என்ன சொன்னான் என்று ஒரு வார்த்தை இல்லை.

"இல்ல. மனுஷன் பேசின முதல் பேச்சே அதுதான்."

"அதே எலும்பை வச்சுத்தானே நீங்களும் சபையில பேசினீங்க? இங்க வரைக்கும் கேட்டுச்சே. என்ன சொன்னீங்க?"

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கலாமென்றால் கையெல்லாம் சேறு. அப்படியே தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

அம்மாள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

"பஸ் வந்துரும், அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ரஞ்சிதம் அடுப்படியில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். ஜிப்பா முழுக்கச் சேறோடு புருஷன் வாசலில் நிற்பதைப் பார்த்தார். என்ன ஏதென்று கேட்கவில்லை. மூடியை எடுத்துத் துருவ உட்கார்ந்தார்.

ஊரையே அதட்டின குரல், வீட்டு அடுப்படியில் கம்மிப் போயிற்று.

"ரஞ்சிதம், நான் தூங்கிட்டேன்."

துருவுகிற கை நின்றது.

"முப்பது வருஷமாத் தூங்கிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா தெரிஞ்சவன் மாதிரி உன்னைத் துண்டுன்னுட்டேன். மன்னிச்சிரு."

ரஞ்சிதம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்தைந்து நாளுக்கு அப்புறம் வாயைத் திறந்தார்.

"சபையில வச்சுச் சொல்லிட்டு, அடுப்படியில வந்து மன்னிப்பா?"

குத்தலான பேச்சுதான். ஆனால் உபதேசியாருக்கு என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! அந்தக் குரலைக் கேட்டதே போதும் என்று நின்றார்.

"ஞாயித்துக்கிழமை சபையிலயே சொல்லிருதேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"உன்னைப் படைச்சப்போ எனக்கு முழிப்பில்லன்னு."

ரஞ்சிதம் சிரிப்பை உதட்டில் அடக்கிக்கொண்டு எழுந்தார். துருவலையை அவர் பக்கமாகக் காலால் தள்ளினார்.

"கையைக் கழுவிட்டு வந்து துருவுங்க. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு."