துரு வெளியே வந்த நாள்

“நாலு மடிப்புத் துணியில வடிகட்டுறேன் அம்மா. அப்படியும் சாயங்காலத்துக்குள்ள குடத்துத் தண்ணி துருவேறிச் சிவந்துபோகுது” என்றார் பொன்னம்பலம்.

அங்கயற்கண்ணி அவருடைய குரு. அவரைவிட இருபது வயது இளையவர்.

“தியானத்துல சந்தேகம் கேப்பீங்கன்னு நினைச்சேன், ஐயா.”

“வெள்ளிக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. ஐம்பது பேர் வர்றாங்க. சோறு பழுப்பா வேகுது. கண்ணை மூடினா குடம்தான் தெரியுது.”

குரு சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

புது வீடு. பொன்னம்பலம் மோட்டாரைப் போட்டார். போர்வெல் தண்ணீர் பளிச்சென்று வந்தது. அதை வடிகட்டிக் காட்டினார்.

குரு துணியைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

“ஒண்ணுமே சிக்கலையே.”

“இப்ப தெளிவாத்தான் இருக்கும். அப்புறம்தான் சிவக்கும்.”

“அப்ப முதல்ல சிவக்கட்டும்.”

“ஐயோ, அதைத் தடுக்கத்தானே இந்தப் பாடு!”

“தண்ணியில கரைஞ்ச இரும்பு காத்துப் பட்டாத்தான் துருவாகும், அப்பத்தான் துணியில சிக்கும்” என்று குரு குளியலறை ஷவரைக் கழற்றி வரச் சொன்னார். அதைக் குழாயின் வாயில் மாட்டி, ஏணியின் உச்சியில் கட்டினார்கள். கீழே டிரம். தண்ணீர் காற்றில் சிதறி மழையாக விழுந்தது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். சமையலறை ஜன்னலில் நின்ற பொன்னம்பலத்தின் மனைவி கோமளவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டிரம் மெல்ல மெல்லச் சிவந்தது.

மறுநாள் காலை, அடியில் செம்பழுப்பாக வண்டல் படிந்திருந்தது. பொன்னம்பலம் கலக்காமல் மேல்தண்ணீரை மொண்டு துணியில் ஊற்றினார். மிச்சத் துரு துணியில் அப்பிக்கொண்டது. சாயங்காலம்வரை குடம் சிவக்கவில்லை. சோறு வெள்ளை வெளேரென்று வெந்தது.

பொன்னம்பலம் ஓடிப்போய் குருவை அழைத்துவந்தார். கோமளவல்லி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

“வீட்டுல வேற குறை உண்டா, அம்மா?” என்று குரு அவளிடம் கேட்டார்.

“ஒரு குறையும் இல்லைங்க.”

“எப்பவும் இப்படித்தான். முப்பது வருஷத்துல ஒரு சண்டை கிடையாது” என்றார் பொன்னம்பலம், பெருமையாக.

குரு சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“தெளிவாத்தான் இருக்கு.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பொன்னம்பலம் டிரம்மின் அடியில் படிந்திருந்த துருவை எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“கோமளா, என்மேல என்ன கோபம்? சொல்லு.”

“ஒண்ணுமில்லை. சாப்பிட வாங்க. சோறு ஆறுது.”

“ஆறட்டும்.”

அவள் அவரையே பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“இந்த வீட்டைக் கட்டும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அடுத்ததைச் சொல்லும்போது குரல் ஏறியது. அதற்கடுத்தது தெருவரை கேட்டது. பொன்னம்பலத்துக்குக் காது சிவந்தது. எழுந்திருக்கவில்லை.

“அப்புறம்?” என்றார்.

“அப்புறமா? இன்னும் இந்த வருஷத்துக் கணக்கே முடியலை. நல்லாச் சாஞ்சு உக்காருங்க” என்றாள் கோமளவல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல்.