மில்லுத் தண்ணியும் பிலோமினா ரசமும்

எங்க தங்கவயல் லைன் வீடுங்களுக்கு லாரித் தண்ணி வர்ற அன்னிக்கு ஆளு நிக்கத் தேவையில்ல. குடத்தை வரிசையில வச்சிட்டா அது உங்க இடம், எவனும் தொடமாட்டான். அன்னிக்கு, மூடிப்போன தங்கச் சுரங்கத்து மில்லுல வேலை பார்த்த அமலதாஸ் அண்ணன் தாமசமா வந்து, வரிசை வாலுல ரெண்டு குடத்தை வச்சாரு. மக ஸ்டெல்லாவைப் பொண்ணு பார்க்க வேலூர்லருந்து சாயங்காலம் ஆளுங்க வர்றாங்க. வீட்டுல காபி போடக்கூடச் சொட்டுத் தண்ணி இல்ல. வாலு வரைக்கும் லாரித் தண்ணி வந்ததாச் சரித்திரமே கிடையாது. வேற ஆளா இருந்தா, "ஒரு குடம் விடுங்கப்பா"ன்னு கேட்டிருப்பான். அண்ணனுக்குக் கேக்கற வழக்கம் இல்ல, கதை அளக்கற வழக்கந்தான்.

"இன்னாத்துக்கு இப்படி அடிச்சிக்கறீங்க?"ன்னு ஆரம்பிச்சாரு. "மில்லுல நான் பாக்காத தண்ணியா? கல்லை மாவா அரைச்சி, மருந்துத் தண்ணியில தங்கத்தைக் கரைச்சி, துத்தநாகப் பொடி போட்டுப் புடிச்சிடுவாங்க. மிச்சத் தண்ணி கால்வாயில போவும். அதுல இன்னும் எவ்ளோ தங்கம் இருக்குன்னு நான் வெரலை உட்டு நாக்குல வச்சே சொல்லிடுவேன்."

"அந்த மருந்து சயனைடாச்சே. நாக்குல வச்சா செத்துருவியே அண்ணே"ன்னான் ஆட்டோ ஓட்டற முனிரத்தினம்.

"செத்தேன். இல்லன்னு யாரு சொன்னது? ஷிஃப்ட் முடியல, அதனால எழுந்து வந்துட்டேன்."

முன்னால நின்ன ரெஜினா அக்கா சிரிச்சிக்கிட்டே தன்னோட குடத்தைக் குழாய்க்குக் கீழ தள்ளுச்சு. அண்ணன் அந்தக் குடத்தையே பார்த்துக்கிட்டுப் பேசுனாரு.

"தினம் என் பனியனை அந்தக் கால்வாயிலதான் அலசுவேன். அலச அலச தங்கம் ஏறிப்போச்சி. கழட்டி வச்சா பனியன் தானா நிக்கும். கேட்டுல சோதனை போடறானே வாச்மேன், ஒரு நாள் பனியனைத் தனியா முன்னால அனுப்பிட்டேன். அதையும் தடவிப் பார்த்து, 'போ, அடுத்த ஆளு வா'ன்னான்."

"தலை எங்கன்னு கேக்கலியா?"ன்னான் முனிரத்தினம்.

"ஷிஃப்ட் முடிஞ்சி வர்றவனுக்குத் தலை எங்கப்பா இருக்கும்? அதை விடு. அந்தத் தண்ணி போய்த் தேங்கற குட்டையில கொசு இருந்துச்சி பாரு, அதான் கொசு. தங்கத் தண்ணி குடிச்சி குடிச்சி றெக்கை தூக்கல. நடந்துதான் வரும். ஓட்டு மேல தடதடன்னு சத்தம் கேட்டா கதவைத் தொறந்து விடுவோம். மூக்குல கடிச்சா மூக்குத்தி, காதுல கடிச்சா கம்மல். எங்க லைன்ல பொம்பளைங்க கொசுவலையைச் சுருட்டி வச்சிட்டு மொகத்தை நீட்டிக்கிட்டுத் தூங்குனாங்க."

"எங்க அம்மாவையும் கொசு கடிச்சிச்சே, மலேரியாதான் வந்துச்சி"ன்னுச்சு ரெஜினா அக்கா.

"அது வேற குட்டைக் கொசும்மா. கவரிங்கு."

லாரியில தண்ணி பாதிக்குக் கீழ எறங்கிடுச்சி. அண்ணன் குடத்துக்கு முன்னால இன்னும் ஒரு மைலு குடம் இருக்கு. அவரு குரலு ஏறுச்சு.

"கடைசியில அந்தக் குட்டையில இருந்த மொத்தத் தங்கத்தையும் புடிச்சது யாரு தெரியுமா? நாந்தான். துத்தநாகம் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பொண்டாட்டி பிலோமினா வச்ச ரசம். மிஞ்சிப்போனதைக் குட்டையில ஊத்துனேன். அவ ரசத்தைக் கண்டா நானே ஒதுங்கி மூலையில போய் உக்காந்துக்குவேன், தங்கம் இன்னா பண்ணும் பாவம்? அத்தனையும் அடியில போய்க் கெட்டியா உக்காந்துடுச்சி. குட்டை முழுக்க ஒரே பாளம். வெயில் பட்டுச்சா, பெங்களூருக்குப் போற ஏரோப்ளேனெல்லாம் ரெண்டு சூரியன்னு கொழம்பி இங்கியே சுத்துது. அப்புறம் மண்ணு கொட்டி மூடுனேன். தோ தெரியுதே சயனைட் மேடு, மில்லுக் கழிவு மண்ணுன்னு சொல்றீங்களே, மலை மாதிரி, அது இன்னான்னு நெனைச்சீங்க? மூடி."

முனிரத்தினம் மேட்டைத் திரும்பிப் பார்த்தான். "அவ்ளோ தங்கத்தை வச்சிக்கிட்டு ஏன்ணே ஒழுகற வீட்டுல இருக்கறே?"

"மூடியைத் தூக்க ஆளு வேணாமா? நீ ஒரு பக்கம் புடிக்கறியா?"

எல்லாரும் சிரிக்கறப்பவே குழாய் கொர்ருன்னு இருமி நின்னுபோச்சி. லாரி காலி. அண்ணன் ரெண்டு குடத்தையும் எட்டிப் பார்த்தாரு. மூஞ்சி அப்படியே வாடிடுச்சி. எனக்கே பாவமா இருந்துச்சி. ஆனாலும் மனுசன் விடுவாரா, தொண்டையைக் கனைச்சாரு.

"இப்ப நீங்க புடிச்ச தண்ணி அந்த மேட்டுக்கு அடியில ஊறி வர்றதுதான். குடத்துக்கு ஒரு குந்துமணித் தங்கம் தேறும். அப்படியே குடிச்சா வீணாப் போயிடும். ஆளுக்கு ஒரு குடம் எங்கிட்ட குடுங்க. தங்கத்தைப் பிரிச்சி எடுத்து வீட்டுக்கே கொண்டாந்து தர்றேன். கூலிகூட வேணாம்."

லாரி டிரைவரு, "நான் மாந்தோப்புக் கெணத்துல புடிச்சிக்கிட்டு வர்றேன்யா"ன்னான். எவனும் அசையல. அவனவன் குடத்தை அவனவன் இறுக்கிப் புடிச்சிக்கிட்டான்.

ரெஜினா அக்கா மட்டும் தளும்பத் தளும்ப ஒரு குடத்தைத் தூக்கிட்டு வந்து அவரு காலு கிட்ட வச்சிது.

"தங்கத்தை நீங்களே வச்சிக்கோங்க மாமா, ஸ்டெல்லாவுக்கு ஆவும். தண்ணிய மட்டும் அடுத்த லாரி வந்ததும் திருப்பிக் குடுத்துடுங்க."