சப்பை இலை

நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் பிறக்கிறதுக்கு ரொம்ப முந்தி, ஏழாம்பாறைங்கிற சீமையை ரணசிங்கராஜான்னு ஒருத்தர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனா மகா முன்கோபி. காலையில கட்டச்சொன்ன மதிலை மத்தியானம் இடிக்கச் சொல்லுவார். சாயங்காலம் வந்து, இதை எவன் இடிச்சான்னு கேப்பார். அவரோட குடித்தனம் பண்ணின மகாராணியை நினைச்சா எனக்கே பாவமா இருக்கு.

அவர் சாந்தமா இருக்கிறது ஒரே ஒரு நேரந்தான். காலையில பூசை முடிச்சிட்டு, வெள்ளிப்பூண் போட்ட சுங்கான்ல புகையிலையை அடைச்சு, குழாய் வழியா இழுக்க ஆரம்பிப்பார் பாருங்க, அப்போ. புகையிலை கலந்து கொடுக்கிறவன் உலகப்பன். மந்திரி திருமலைக்கொழுந்து கெட்டிக்காரர். ஊர்க்காரியத்தையெல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் ராஜா காதுல போடுவார். குளம் வெட்டினது, வரியைக் குறைச்சது எல்லாம் அப்படி நடந்ததுதான்.

கோட்டைக் காவல் தலைவன் வீரபுத்திரனுக்கு இது வயித்தெரிச்சல். மந்திரியை நேரா அசைக்க முடியாதுன்னு சுங்கான்ல கைவச்சான். ஒருநாள் உலகப்பனோட நாலு சாடிகளையும் சபைக்குத் தூக்கிட்டு வந்து, ஒவ்வொரு இலையையும் தனித்தனியா ராஜாவை இழுத்துப் பார்க்கச் சொன்னான். முதல் சாடியில வெல்லப்பாகுல ஊறின இலை, நல்ல இனிப்பு. ரெண்டாவது காட்டமான இலை. மூணாவது புகைமூட்டம் போட்டது, வாசனை அள்ளிக்கிட்டுப் போச்சு. நாலாவது இலையில ஒண்ணுமே இல்லை. இனிப்புமில்லை, காரமுமில்லை, சப்புன்னு இருந்துச்சு.

"கலவையில பாதி இந்தச் சப்பை இலைதான் மகாராஜா. இத்தனை நாளும் அரசருக்கே குப்பையைக் கலந்து ஏமாத்தியிருக்கான்" அப்படின்னான் வீரபுத்திரன்.

ராஜாவுக்கு மூக்குக்கு மேல கோபம். கலந்த கையோட கட்டைவிரலை வெட்டுங்கன்னுட்டார். கட்டைவிரல் போனா இலையைத் திருக முடியுமா, சோத்தைத்தான் பிசைய முடியுமா? உலகப்பன் அப்படியே தரையில உட்கார்ந்துட்டான்.

மந்திரி எந்திரிச்சார். தண்டனை நியாயந்தான்னு சொல்லிட்டு, சுத்தமான கலவையைக் காவல் தலைவரே தயார் பண்ணட்டும், அது சாடியில கிடந்து ஒண்ணோட ஒண்ணு சேர ஒரு வாரம் ஆகும், அதை மகாராஜா ருசிபார்த்த பிறகு வெட்டலாமேன்னார். ராஜாவும் சரின்னார். உலகப்பனைச் சிறையில போட்டாங்க. மந்திரி அந்த நாலாவது சாடியைத் தன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார்.

ஒரு வாரம் போச்சு. சபை கூடிச்சு. முதல்தரமான மூணு இலையை மட்டும் கலந்து வீரபுத்திரன் சுங்கானை நீட்டினான். ராஜா இழுத்தார். நாக்கு சுள்ளுன்னுச்சு, கண்ணுல தண்ணி கட்டிச்சு. பாகு இலை பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு நெருப்பே நிக்கலை. பத்தவச்சாரு, அணைஞ்சுது. மறுபடி பத்தவச்சாரு, மறுபடி அணைஞ்சுது. ஆனா ஊரறியத் தீர்ப்புச் சொன்ன வாயாச்சே, எப்படி நல்லாயில்லைன்னு சொல்றது? வாங்கி இழுத்த பெரிய மனுஷங்களும் இருமிக்கிட்டே ஆகா ஓகோன்னாங்க.

மந்திரி சபையில இருந்த மேளக்காரங்களைப் பார்த்துத் தலையசைச்சார். நாகசுரமும் தவிலும் கிளம்பிச்சு. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ராஜா முகம் சுளிச்சார். பாட்டு எங்கேயும் நிலைகொள்ளலை. நாகசுரக்காரர் சுருதிக்குத் தடவுறார், தவில்காரர் அதை மூடி மறைக்க ஓங்கி ஓங்கி அடிக்கிறார்.

"என்ன குறையுது இன்னைக்கு?" ராஜா கேட்டார்.

"பெரிசா ஒண்ணுமில்லை மகாராஜா. பக்கத்துல உட்கார்ந்து விடாம ஒரே சுரத்தை ஊதுற ஒத்துக்காரரை வீட்டுக்கு அனுப்பிட்டேன். தனியா கேட்டுப் பார்த்தேன், அதுல ஒரு ரசமும் இல்லை. அவருக்கும் விரலை வெட்டிடலாமா?"

ராஜா கையிலிருந்த சுங்கானையே பார்த்துக்கிட்டிருந்தார். மந்திரி மடியிலிருந்து சப்பை இலையை எடுத்து, வீரபுத்திரன் கலவையில சரிபாதியா சேர்த்து அடைச்சுக் கொடுத்தார். ராஜா இழுத்தார். முதல்ல இனிப்பு வந்துச்சு. அது அடங்கினதும் வாசனை. கடைசியில காட்டம், அதுவும் பதமா. நெருப்பு நின்னு எரிஞ்சுது.

"மூணு இலையும் கெட்டிக்கார இலைங்கதான் மகாராஜா. ஆனா மூணும் ஒரே நேரத்துல பேசுது. இந்தச் சப்பை இலை தான் பேசாம இருந்து, மத்ததுக்கு முறை வாங்கிக் கொடுக்குது" அப்படின்னார் மந்திரி.

ராஜாவுக்கு விளங்கிப்போச்சு. விளங்கினதும் என்ன பண்ணினார்? துள்ளி எந்திரிச்சு, அந்த வீரபுத்திரனோட ரெண்டு கட்டைவிரலையும் வெட்டுங்கன்னார். சுபாவம் எங்கே போகும்! சுங்கானைப் பல்லுல கடிச்சு பக்கு பக்குன்னு இழுத்தார். வாயெல்லாம் கசந்துபோச்சு.

"என்னய்யா மந்திரி, மறுபடியும் கசக்குது?"

திருமலைக்கொழுந்து கிட்டப் போய்த் தாழ்ந்த குரல்ல சொன்னார். "கலவை சரியாத்தான் இருக்கு மகாராஜா. தாங்கள்தான் வேகமா இழுத்துட்டீங்க. அப்படி இழுத்தா எந்த இலையும் கரிஞ்சுதான் போகும்."

ராஜா மெதுவா உட்கார்ந்தார். விரல் யாருக்கும் போகவேண்டாம்னார். வீரபுத்திரன் ஒரு வருஷம் சபையில ஒத்துக்காரர் பக்கத்துல உட்காரணும், வாயைத் திறக்காம மத்தவங்க பேசுறதைக் கேக்கணும்னு உத்தரவு போட்டார். அவனுக்கு அது விரல் போனதைவிடப் பெரிய தண்டனை.

உலகப்பனைக் கூட்டியாந்தாங்க. மந்திரி வீட்டுக்குப் போன சாடியும் வந்துச்சு. ராஜா தன் கையாலயே சாடிகளை எடுத்துக் கொடுத்து, தப்பு என்மேலதான்ப்பா, உடனே ஒரு சுங்கானுக்குக் கலந்து கொடுன்னார். உலகப்பன் முழுசா இருந்த தன் கட்டைவிரலால இலையைத் திருகிப் பார்த்தான்.

"ஈரமா இருக்குங்க மகாராஜா. கலந்து சாடியில வச்சு ஆறணும். ஒரு வாரம் பொறுக்கணும்."

சபையே ராஜா முகத்தைப் பார்த்துச்சு. ராஜா அணைஞ்ச சுங்கானைத் தட்டிக் கீழே வச்சார். சரின்னு சொல்லி, ஒரு வாரம் பொறுத்தார்.