எட்டரை மணிச் சுற்று

“இருபது வருஷமா ஒரு நாள் தவறாமக் கேட்டனுங்க சாமி. ஒருத்தர்கூட வாயைத் திறக்கல.”

மடத்துத் திண்ணையில் சாமியின் எதிரே உட்கார்ந்ததுமே அர்த்தநாரி கொட்டிவிட்டார்.

பம்பு செட்டுக்குத் தகடு அடிக்கும் பட்டறை அவருடையது. தினமும் காலை எட்டரைக்கு ஒவ்வொரு மெஷினாகப் போய், ஆட்களை விசாரித்துவிட்டுத்தான் தன் அறைக்குள் காலெடுத்து வைப்பார். தொழிலதிபர் சங்கக் கூட்டங்களில் இந்த ஒரு பழக்கத்தைச் சொல்லியே கைதட்டல் வாங்கியவர். வாங்கட்டும், நல்ல பழக்கம்தானே.

போன வாரம் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை பார்த்த வசந்தாமணிக்கு இரண்டு விரல் போய்விட்டது. கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்புக் கம்பி பத்து நாளாக ஆடிக்கொண்டிருந்ததாம். பட்டறையில் எல்லாருக்கும் தெரியும், முதலாளி ஒருவரைத் தவிர.

“என்னன்னு கேட்டீங்க?” என்றார் சாமி. அர்த்தநாரியைவிட அவர் இருபது வயது இளையவர்.

“‘எல்லாம் சரியாத்தானே இருக்கு?’ன்னு கேட்டனுங்க.”

“மொதல்ல சாப்பிடுங்க.”

அந்த மடத்தில் சமையல் சாமியேதான். வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். அடுப்படிக்குப் போய்ச் சமைத்து இறக்கி, இலை போட்டு, அரிசிம்பருப்புச் சாதத்தை ஆவி பறக்க வைத்தார்.

அர்த்தநாரி ஒரு வாய் வைத்தார். மென்றார். எப்படியோ விழுங்கினார்.

சட்டியோடு அவரைக் கடந்து போன சாமி, நிற்காமலே கேட்டார். “சாப்பாடு நல்லாத்தானே இருக்கு?”

“அருமைங்க சாமி.”

போனவர் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார்.

“உப்பே போடலையே.”

“தெரிஞ்சுதுங்க.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நல்லாத்தானே இருக்குன்னு நீங்களே சொல்லிட்டுப் போறப்ப, நான் எப்படிங்க சாமி...”

பேச்சு பாதியில் நின்றது. கை சோற்றிலேயே கிடந்தது.

சாமி எழுந்து போகவில்லை. வேறு வேலையே இல்லாதவர் போலக் காத்திருந்தார்.

அர்த்தநாரி அழுதுவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில், எச்சில் கையோடு.

“அடிபடறதுக்கு முந்தின நாளும் வசந்தாமணிகிட்டக் கேட்டனுங்க. அவ உடனே பதில் சொல்லலீங்க. திரும்பி அந்த மெஷினைப் பார்த்தா.”

“நீங்க?”

“நான் அடுத்த மெஷினுக்குப் போயிட்டனுங்க.”