தெய்வானையின் வாயில் தீ

"டீச்சர், என் வீட்டுக்காரி வாயில் மறுபடியும் தீ வந்துட்டு" என்றார் அம்பலவாணன்.

ஜெசிந்தா நிமிர்ந்தாள். தூத்துக்குடியில் ஃபிலிம் கேமரா கற்றுக்கொடுப்பவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளிடம் வந்து சேர்ந்தவர் அவர். அவளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் அவருக்கு அவள் டீச்சர், அவளுக்கு அவர் அண்ணாச்சி.

படத்தை நீட்டினார். தெருப் பெண்கள் பொங்கல் போட்டிக்குக் கயிறு இழுத்துப் பழகியபோது எடுத்தது. கயிற்றின் கடைசி ஆள் தெய்வானை, இடது ஓரத்தில். அவள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு ஜுவாலை.

முதல் வருஷம் கன்னத்தில் ஒரு பொட்டுதான் விழுந்தது. கேமராவுக்குள் வெளிச்சம் கசிகிறது என்று தெரிந்துகொண்டு, பின்கதவு ஓரத்தில் ஸ்பாஞ்சு வைத்து அடைத்தார். அடுத்த வருஷம் பொட்டு கோடானது. இன்னும் தடித்த ஸ்பாஞ்சு வைத்து, மேலே கறுப்பு டேப்பும் சுற்றினார். இப்போது தீ.

எதிர்த்தெருக்காரர்கள் அவளைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றே கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் வருஷா வருஷம் தோற்பது வேறு.

இந்தத் தடவை ஜெயிக்கிறோம் என்று தெய்வானை சொல்லிவிட்டாள். ஜெயிக்கிற படத்திலும் தீ வந்தால், இனிமேல் தன் தம்பி செல்ஃபோனில் எடுத்துக்கொள்வான் என்றும் சொல்லிவிட்டாள்.

"போட்டி நாளைக்கு" என்றார். "ஓட்டை எங்கேன்னு மட்டும் சொல்லுங்க."

ஜெசிந்தா கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, எலும்பு முறிஞ்ச மாதிரி கட்டுப் போட்டிருக்கிய?"

பதிலுக்குக் காத்திராமல் டேப்பை உரித்தாள். அது ஒன்றுதான் கொஞ்சமாவது காப்பாற்றுகிறது என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். அவள் கடைசித் துண்டு வரை உரித்தாள்.

உள்ளே ஃபிலிம் இல்லை. ஒரு குட்டி டார்ச்சை எரியவிட்டு அதற்குள் வைத்து, கதவை மூடி, அவர் கையில் கொடுத்தாள். படம் கழுவும் இருட்டறைக்குள் கூட்டிப்போய்த் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒன்னும் தெரியலையே டீச்சர்."

"இருங்க."

வீட்டிலும் இப்படிச் செய்து பார்த்ததாகச் சொன்னார். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை, உடனே விளக்கைப் போட்டுவிட்டாராம். ஸ்பாஞ்சு வாங்கிய கடையைப் பற்றிச் சொன்னார். மச்சினனின் செல்ஃபோனைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னார். பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"டீச்சர், இருக்கியளா?"

"இருக்கேன். நீங்களும் இருங்க."

இருந்தார்.

எப்போது வந்தது என்று தெரியவில்லை. கதவின் கீல் ஓரத்தில், தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு வெளிச்ச இழை. கண்ணின் மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தார். கேமராவைத் திருப்பினார். இழையும் கூடவே திரும்பியது.

விரலால் தடவினார். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு கதவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"இது நான் அடைச்ச இடம்ல்லா."

"ம்."

வெளியே வந்து ஸ்பாஞ்சு முழுவதையும் அவரே தோண்டி எடுத்தார். ஜெசிந்தா கறுப்புக் கம்பளி நூல் ஒரு இழை கொடுத்தாள். அதைக் கதவு வந்து பொருந்தும் பள்ளத்தில் பதித்து மூடினார். டக் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

டார்ச்சை வைத்துக்கொண்டு மறுபடியும் இருட்டறைக்குள் போனார். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் உட்கார்ந்திருந்தார். அப்போதும் தெரியவில்லை.

"அண்ணாச்சி" என்று வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். "எனக்குப் பசிக்கி."

மறுநாள் விசில் ஊதியதும் எதிர்த்தெரு இழுத்தது. தெய்வானை இழுக்கவில்லை. குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, சும்மா நின்றாள். அவளைப் பார்த்து அவள் ஆட்களும் நின்றார்கள். பிசாசு தூங்குது என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. தோற்பதற்குள் ஒரு படமாவது எடுத்துவிடுங்கள் அத்தான் என்று மச்சினன் காதருகே நச்சரித்தான்.

அம்பலவாணன் பொத்தானில் விரலை வைத்தபடி இருந்தார்.

எதிரே ஒருத்தி மூச்சு வாங்கினாள். கயிறு துளி தளர்ந்தது.

"இப்போ" என்றாள் தெய்வானை.

அவள் தெரு முழுக்கப் பின்னால் சாய்ந்து இழுத்தது. விரலும் அழுந்தியது.

அன்று சாயங்காலம் இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் மூன்று பேர் குனிந்து நின்றார்கள். தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் வெள்ளைக் காகிதம் மிதந்தது.

"ஒன்னும் தெரியலையே" என்றாள் தெய்வானை.

"இரு" என்றார் அம்பலவாணன்.

ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் கயிறு வந்தது. பிறகு வலது ஓரத்தில் ஒருவர் மேல் ஒருவராக எதிர்த்தெரு. கடைசியில் இடது ஓரத்தில் ஒரு முகம். கடித்த பற்கள், புடைத்த கழுத்து நரம்பு, அவிழ்ந்த கொண்டை, நெற்றியில் உருளும் ஒவ்வொரு வியர்வைத் துளியும்.

தெய்வானை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீ இல்லாமலே பிசாசு மாதிரிதான் இருக்கேன்" என்றாள். "பெருசாப் போடுங்க."